ஹிப் ஹாப்பில் சாம்பிள் எடுத்துப் போடுவது சுட்ட பாட்டுதானே? அப்படியிருந்தும் எப்படி நம்பர் 1 ஆகிறது?

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டில்தான் அமெரிக்க ராப் பாடகர் பஃப் டாடியின் ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ பாட்டை முதலில் கேட்டேன். தேயத் தேயக் கேட்டோம். சில மாதம் கழித்து ஒரு கேசட் கடையில் தி போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ ஓடிக்கொண்டிருந்தது. “டேய், யாரோ நம்ம பஃப் டாடியைச் சுட்டுட்டாங்கடா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். 1983.

நாம் ‘சுட்ட பாட்டு’ என்பது மெட்டை மட்டும் எடுத்து, வேறு ஆட்களை வைத்து வாசிப்பது. சாம்பிள் அப்படியில்லை. பழைய ஒலிப்பதிவையே வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். வாசித்தவரின் விரலே அதில் கேட்கும். அதனால் இரண்டு அனுமதி வேண்டும்: பதிவின் உரிமையாளரிடம் ஒன்று (பெரும்பாலும் இசை நிறுவனம்), பாட்டை எழுதி மெட்டமைத்தவர் தரப்பில் இன்னொன்று. வாங்கிவிட்டால் அது திருட்டு இல்லை. வாங்காமல் போடுவதுதான் வம்பு.

ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1991ல் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை எடுத்ததற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீது வழக்கு வந்தது. அமெரிக்க நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு. பிஸ் மார்க்கி 1993ல் போட்ட அடுத்த ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!’. எல்லாத்துக்கும் அனுமதி வாங்கியாச்சு சாமி, ஆளை விடுங்க என்று அர்த்தம்!

ஆக, 1997ல் பஃப் டாடிக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அந்த வருடம் மார்ச் 9ஆம் தேதி அவருடைய நண்பரான ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அஞ்சலியாக, அவர் மனைவி ஃபெயித் எவன்ஸையும் பாட வைத்து வந்த பாட்டு இது. அமெரிக்காவின் வாராந்திரப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100 சார்ட்டில் நுழைந்ததே முதலிடத்தில். அங்கேயே 11 வாரம். அசல் பாட்டு முதலிடத்தில் இருந்ததே 8 வாரம்தான்!

எப்படி என்றால், துக்கம் பாதி, கிட்டார் பாதி. ராப் என்று பார்த்தால் சுமார்தான், பஃப் டாடி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். ஆனால் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’கிலிருந்து எடுத்த அந்தக் கிட்டார் 1983ல் ரேடியோ கேட்ட எல்லார் காதிலும் ஏற்கெனவே குடியிருந்தது. புதுப் பாட்டு போட்ட முதல் நாளே பழகிய பாட்டாகிவிட்டது.

அனுமதி கேட்டது பாட்டு வந்த பிறகுதான் என்று, அசல் பாட்டை எழுதிப் பாடிய தி போலீஸ் குழுவின் ஸ்டிங்கே சொல்லியிருக்கிறார். விளைவு, எழுதியவருக்கான வருமானம் அவர் பக்கம் போனது. கோரஸ் மெட்டு அவருடையது, நியாயம்தான். ஆனால் பாட்டு முழுக்க நாம் கேட்கிற அந்தக் கிட்டாரை வாசித்தவர் அதே குழுவின் ஆண்டி சம்மர்ஸ். பாட்டு ரேடியோவில் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. பாட்டை எழுதியவர் என்று அவர் பெயர் இல்லை, அதனால் அந்தப் பங்கும் இல்லை.

(நம் ஊர்ச் சரக்கும் இப்படிப் போயிருக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘எலிஃபங்க் தீம்’ பாட்டில் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்து இளையராஜா, பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’யின் காட்டுக்குயிலு. இரண்டுமே சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வரவில்லை, அதனால் சார்ட் கதையில் சேராது.)

2025ல் சம்மர்ஸும் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்டும் ராயல்டி பாக்கி கேட்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஸ்டிங் மீது வழக்குப் போட்டார்கள். சம்மர்ஸுக்கு அப்போது வயது 82.