பெல்ட்டை விட்டுவிட்டு மென்பொருளுக்குத் தாவலாமா?

கேள்வி: இயந்திரவியல் பொறியாளர் நான். ஐந்து வருடமாக சீட் பெல்ட், ஏர்பேக் சிமுலேஷன்தான் வேலை. ‘கார் தானாக ஓட ஆரம்பித்தால் விபத்தே இருக்காது, உனக்கு வேலையும் இருக்காது’ என்கிறார்கள் நண்பர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு செயற்கை நுண்ணறிவு படிக்கப் போகலாமா?

பதில்: எதிரே வரும் காரை யார் ஓட்டுவார் என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள். பழைய காரும் புதிய காரும் ஒரே சாலையில் இன்னும் வெகுகாலம் ஓடத்தான் போகின்றன.

இன்னொன்று. ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டாம் என்றானதும் மனிதர் என்ன செய்வார்? சீட்டைச் சாய்த்துப் படுப்பார். அப்படியே மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும். இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறி அழுத்தும். நீங்கள் தினமும் மல்லுக்கட்டும் அதே சப்மரீனிங். வேலை குறைவதாகத் தெரியவில்லை எனக்கு.

ஆனாலும் நகர ஆசையிருந்தால் நகருங்கள், கையில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். நீல்ஸ் போலின், சாப் என்ற விமான நிறுவனத்தில், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். 1958-இல் வோல்வோ கார் நிறுவனத்துக்கு வந்தார். மறுவருடமே மூன்று முனை சீட் பெல்ட் காரில் ஏறியது. விமானி எத்தனை வார் கொடுத்தாலும் மாட்டிக்கொள்வார், காரில் ஏறுபவர் ஒரு கையால் மாட்ட முடிந்தால்தான் போடுவார். இரண்டு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் அது புலப்படும்.

எங்கே நகர்வது? 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையிலிருந்த தானோட்டக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அவர் இறந்துபோனார். அந்த விசாரணை அறிக்கையை அவசியம் படியுங்கள். மோதலுக்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ‘வாகனம்’, ‘ஏதோ ஒரு பொருள்’, ‘சைக்கிள்’ என்று காரின் கணினி மாற்றி மாற்றிப் பெயர் வைத்தது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நடந்துவந்த தடத்தைக் கணக்கிலிருந்து தூக்கிப்போட்டது. சென்சார் எதுவும் கெட்டுப்போகவில்லை, பாருங்கள்!

பாகம் பழுதானால் என்ன ஆகும் என்று கேட்பது ஐஎஸ்ஓ 26262 என்ற வாகனப் பாதுகாப்புத் தரநிலை. பழுதே இல்லாமல் தப்பு நடந்தால்? அதற்கென்று 2022-இல் வந்ததுதான் ஐஎஸ்ஓ 21448. இந்த இரண்டும் தெரிந்து, மோதும் நொடியில் உடம்புக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்த ஆட்கள் அதிகம் இல்லை. பைத்தான் நிரல்மொழியும் கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள். அதை மாலை நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம், ராஜினாமா செய்யத் தேவையில்லை.

பாலம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. தானியங்கி பிரேக் பிடித்ததும், மோதலுக்கு முன்பே ஆள் முன்னால் சாய்ந்துவிடுகிறார். நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கென்று கணக்குப்போட்ட ஏர்பேக் அவரை எங்கே சந்திக்கும்? பிரேக் குழுவிடம் அந்த வேகக்குறைப்புத் தரவைக் கேட்டு வாங்கி, உங்கள் மாடலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவை மேலதிகாரியிடம் காட்டிவிட்டு, பிறகு எழுதுங்கள்.