முள்ளை ஏன் வழித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகள் தரிசாகக் கிடந்த நான்கு ஏக்கரை வாங்கியிருக்கிறேன். முள்ளும் புதருமாக இருந்ததை ஜேசிபி வைத்து ஒரே வாரத்தில் சுத்தம் செய்துவிட்டேன். பழமரம், காய்கறி, கோழி, மாடு என்று கலப்புப் பண்ணையும், விருந்தினர் தங்கக் குடில்களும் திட்டம். குடில்களை முதலில் கட்டி, அந்த வருமானத்தில் பண்ணையை வளர்க்கலாமா? எத்தனை குடில் கட்டலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘சுத்தம் செய்துவிட்டேன்’ என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எதைச் சுத்தம் செய்தீர்கள்? முள் என்ன அழுக்கா? பன்னிரண்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்காத மண்ணை வெயில் படாமல் மூடி வைத்திருந்தது அது ஒன்றுதான். அதன் நிழலில் சருகு விழுந்து மக்கியது. பறவைகள் உட்கார்ந்து எச்சத்தோடு விதை போட்டன. கரையான் குடைந்த வழியில் தண்ணீர் உள்ளே இறங்கியது. அந்நிய முள் என்பீர்கள். சரி, என்றாவது எடுக்க வேண்டியதுதான். அதன் மறைவில் நட்ட கன்று ஆளுயரம் வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதைச் செய்தவன். முதல் வருடம் என் நிலத்தைக் களம் மாதிரி வழித்துப் போட்டேன். முதல் பெருமழைக்குக் குடையோடு போனால், கீழ்மூலை வழியாக டீ நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. ஒரு சொம்பில் பிடித்து வந்து திண்ணையில் வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. தொட்டால் மாவு மாதிரி நைசு. அதுதான் என் மேல்மண். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அன்று அதைச் சொம்பில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 40,000 லிட்டர். உங்கள் நான்கு ஏக்கருக்கு 1,60,000. அத்தனையும் மண்ணுக்குள் இறங்குமா, மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுமா? நிலம் மூடியிருந்தால் இறங்கும். மொட்டையாக இருந்தால் ஓடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, கல்லாக இறுகிய நிலத்தில் கோடையிலேயே குழி தோண்டி எருவும் சருகும் போட்டார். அதைத் தின்னக் கரையான் வந்தது, கரையான் போட்ட பாதையில் மழைநீர் இறங்கியது. தானியம் விளைந்தது, கூடவே மரங்களும் முளைத்து நாளடைவில் காடாயிற்று. 2018இல் அவருக்கு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கொடுத்தார்கள். எல்லாம் மண்வெட்டியால் ஆன வேலை.

மாடு இப்போது வேண்டாம், முளைக்கிற எதையும் விடாது. கோழி பிறகு. முதலில் மண்ணை மூடுங்கள். மூன்று குச்சிகளை ‘ஏ’ சட்டமாகக் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டக் கோடு, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோடு, பிடிக்கலாம். அந்தக் கோட்டோடு வரப்பு போட்டு, வழித்த முள்ளை வரப்பை ஒட்டி அடுக்குங்கள். மழை தொடங்கியதும் பலதானியம் விதைத்து, பூக்கும்போது அறுத்து அங்கேயே பரப்புங்கள்.

குடிலா? ஒரு மழைக்காலம் முடியும்வரை செங்கல் இறக்காதீர்கள். மழையில் நிலத்தைச் சுற்றி நடந்தால், எந்த மேட்டில் தண்ணீர் தேங்கவில்லை என்று தெரியும். அங்கே ஒன்றே ஒன்று கட்டி, ஒரு வருடம் நீங்களே தங்குங்கள். கழிவறைக் குழி மட்டும் கிணற்றுக்கு மேல்பக்கம் வந்துவிடக் கூடாது.

நேற்று இங்கே நல்ல மழை. அதே கீழ்மூலையில் சொம்பைப் பிடித்தேன். அடிப்பாகம் தெரிந்தது.

வழித்த முள்ளை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குவியலாகக் கிடந்தால் தயவுசெய்து தீ வைத்துவிடாதீர்கள். இன்றைக்கே ஒரு வரி பதில் போடுங்கள்.