பெர்மிஷன் சரி, லேபல் பிழை: லினக்ஸ் சேர்வர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் அநேகமானவை சுற்றிச் சுற்றி எஸ்ஈலினக்ஸில்தான் வந்து நிற்கின்றன. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று, கோப்பில் ஒட்டிய லேபலை வைத்து முடிவெடுக்கும் லினக்ஸ் காவல் அது. "அதை நிறுத்திவிட்டால் எல்லாம் வேலை செய்கிறது, அப்படியே விடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விடவேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

சுன்னாகத்திலிருந்து: எங்கள் பழைய மாணவர் சங்க வெப்சைற் ராக்கி லினக்ஸ் 9 இல் ஓடுகிறது. ஆண்டுவிழாப் படங்களை என் ஹோம் போல்டரில் இறக்கி, பிறகு அப்பாச்சி (வெப் சேர்வர்) போல்டருக்கு எம்வி கட்டளை கொடுத்து நகர்த்தினேன். 403, அதாவது 'அனுமதி இல்லை', வருகிறது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் சிஎச்மொட் 777 கூடப் போட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் அந்த 777 ஐ எடுத்துவிடுங்கள். லினக்ஸின் மையமான கேர்னல் சாதாரண பெர்மிஷனைப் பார்த்து ஓம் என்ற பிறகுதான் எஸ்ஈலினக்ஸ் தன் பங்குக்குப் பார்க்கும். அது வேண்டாம் என்றால், முதலாவதை எவ்வளவு திறந்துவிட்டாலும் பயனில்லை. ஊரில் உள்ள எவரும் எழுதக்கூடிய ஒரு போல்டர்தான் மிச்சமாகும்.

'எல்எஸ் -எல்இசட்' என்று அடியுங்கள், இசட் பெரிய எழுத்து. ஒவ்வொரு கோப்புக்கும் முக்காற்புள்ளியால் பிரித்த நாலு துண்டு வரும், அதுதான் லேபல். இந்த வேலைக்கு மூன்றாவது துண்டான வகை போதும். உங்கள் படங்களில் அது 'யூசர்_ஹோம்_ரி' என்று இருக்கும், அப்பாச்சிக்கு வேண்டியது 'எச்ரிரிபிடி_சிஸ்_கொன்ரென்ற்_ரி'. வீடு மாறிய பிறகும் வாக்காளர் இடாப்பில் பழைய விலாசம் கிடக்கிற கதைதான். எம்வி கோப்பை நகர்த்தும்போது பழைய லேபலும் கூடவே போகும். கொப்பி பண்ணும் சிபி கட்டளை புதுக் கோப்பை உருவாக்குவதால், போய்ச் சேரும் போல்டரின் லேபலை எடுத்துக்கொள்ளும். ஆனால் 'சிபி -ஏ' என்று போட்டால் அதுவும் பழைய லேபலைக் காவிக்கொண்டு போகும். "கொப்பிதானே பண்ணினேன்" என்பவர்கள் மாட்டுவது அங்கேதான்.

லொக்கில் உறுதிப்படுத்த 'ஏயூசேர்ச் -எம் ஏவிசி -ரிஎஸ் ரீசன்ற்' போதும், கடைசிப் பத்து நிமிடத்தில் எஸ்ஈலினக்ஸ் மறுத்தவற்றை, அதாவது ஏவிசி வரிகளை, காட்டும். நீளமான வரி என்று பயப்படாதீர்கள். 'எஸ்கொன்ரெக்ஸ்ற்' என்பது கேட்டவர், இங்கே 'எச்ரிரிபிடி_ரி'. 'ரிகொன்ரெக்ஸ்ற்' என்பது கேட்கப்பட்ட கோப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை தானாகத் தெரியும்.

மருந்து ஒரு வரி: 'ரிஸ்ரோர்கொன் -ஆர்வி', அதற்குப் பின்னால் போல்டரின் பெயர். அந்த இடத்துக்கு உரிய லேபலை அது திரும்பப் போட்டுவிடும். இதில் ஆர் பெரிய எழுத்து. தயக்கமாக இருந்தால் கூடவே 'என்' சேருங்கள். எதை மாற்றப்போகிறது என்று சொல்லும், ஆனால் எதையும் தொடாது. இணையத்தில் தேடினால் 'ஓடிட்2அலோ' என்று ஒரு குறுக்குவழி காட்டுவார்கள், மறுக்கப்பட்டதை அனுமதிக்கும் விதியை அது எழுதித்தரும். இங்கே அதைப் பாவித்தால், நாலு படத்துக்காக எல்லாருடைய ஹோம் போல்டர்களையும் அப்பாச்சிக்குத் திறந்துவிட்டதாக முடியும்.

கொக்குவிலிலிருந்து: அண்ணா, வெப் கோப்புகளை /டேட்டா/வெப் இல் வைத்திருக்கிறேன். சிஎச்கொன் போட்டேன், வேலை செய்தது. பிறகு யாரோ ரிஸ்ரோர்கொன் ஓட்ட, எல்லாம் 'டிபோல்ற்_ரி' ஆகிவிட்டது.

தம்பி, சிஎச்கொன் கோப்பில் உள்ள லேபலை மட்டும் மாற்றும். எந்தப் பாதைக்கு எந்த லேபல் என்ற விதி வேறு இடத்தில் இருக்கிறது. ரிஸ்ரோர்கொன் அந்த விதியைத்தான் பார்க்கும். /டேட்டாவுக்கு விதியே இல்லாதபடியால் 'டிபோல்ற்_ரி' போட்டுவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

விதியை எழுதுங்கள். 'செமனேஜ் எப்கொன்ரெக்ஸ்ற் -ஏ -ரி' என்று தொடங்கி, வகையின் பெயர், பிறகு மேற்கோள் குறிக்குள் பாதை. பாதையின் முடிவில் அடைப்புக்குறிக்குள் சாய்கோடு, புள்ளி, நட்சத்திரம், அடைப்பை மூடி ஒரு கேள்விக்குறி. அந்த வாலை விட்டால் விதி போல்டருக்கு மட்டும்தான், உள்ளே இருப்பவற்றுக்கு இல்லை. செமனேஜ் விதியை மட்டும் எழுதும், டிஸ்கைத் தொடாது. ஆகவே முடிந்ததும் ரிஸ்ரோர்கொன் ஓட்டவேண்டும். செமனேஜ் கட்டளையே இல்லை என்றால் 'பொலிசிகோர்யூட்டில்ஸ்-பைதன்-யூட்டில்ஸ்' என்ற பக்கேஜை ஏற்றுங்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. அதே செமனேஜ் எப்கொன்ரெக்ஸ்றில் '-ஏ -ஈ' போட்டு, /டேட்டா/வெப் ஐயும் அப்பாச்சியின் வழமையான போல்டரைப் போலவே நடத்து என்று சொல்லிவிடலாம். அதன் விதிகள் முழுதும் ஒரே அடியில் வந்துவிடும். படம் ஏற்றும் போல்டருக்கு மட்டும், அப்பாச்சி எழுதவும் விடும் 'எச்ரிரிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கொன்ரென்ற்_ரி' கொடுங்கள். சைற் முழுவதற்கும் அதைக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நெல்லியடியிலிருந்து: உபுண்டுவில் 'எல்எஸ் -இசட்' அடித்தால் வெறும் கேள்விக்குறிதான் வருகிறது.

பிழையில்லை. எஸ்ஈலினக்ஸுக்குப் பதிலாக உபுண்டு பாவிப்பது அப்ஆர்மர் என்ற இன்னொரு காவல். அது பாதையை வைத்து முடிவெடுக்கும், கோப்பில் லேபல் ஒட்டாது.

மானிப்பாயிலிருந்து: கடைக் கணக்குச் சேர்வரில் எஸ்ஈலினக்ஸை முன்பிருந்தவர் டிசேபிள் பண்ணி வைத்திருக்கிறார். நேரே என்போர்சிங் (தடுக்கும் நிலை) போடலாமா?

போடாதீர்கள். நிறுத்தி வைத்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபலே இருக்காது. அந்த நிலையில் என்போர்சிங் போட்டால் சேர்வர் பூட் ஆகாமலே நிற்கலாம். இதற்காகத்தான் முதலிலேயே நிறுத்தவேண்டாம் என்றேன். எஸ்ஈலினக்ஸின் கொன்பிக் கோப்பில் பெர்மிசிவ் என்று மாற்றி, 'பிக்ஸ்பைல்ஸ் -எப் ஒன்பூட்' கொடுத்து ரீபூட் பண்ணுங்கள். எழும்பும்போது டிஸ்க் முழுவதற்கும் லேபல் போடும். கோப்புகள் கூடினால் நேரமும் கூடும், நடுவில் கரண்ட் போனால் தலையிடி. யூபிஎஸ் நம்பகமாக இருக்கட்டும், கடை பூட்டிய பிறகு செய்யுங்கள்.

பெர்மிசிவில் எதுவும் தடுக்கப்படாது, லொக்கில் மட்டும் எழுதப்படும். மாதமுடிவுக் கணக்கு, பக்கப் எல்லாம் ஒருதரம் ஓடி முடிந்து, ஏவிசி வரி எதுவும் வராவிட்டால் அப்போது என்போர்சிங் போடலாம்.

சாவகச்சேரியிலிருந்து: நாஸ் பெட்டியை (நெற்வேர்க் சேமிப்பகம்) என்எப்எஸ் என்ற நெற்வேர்க் முறை வழியாக மவுன்ற் பண்ணி, அதிலிருந்து படங்களை வெப்சைற்றில் காட்டப் பார்க்கிறேன். லேபல் எல்லாம் 'என்எப்எஸ்_ரி'. ரிஸ்ரோர்கொன் ஓட்டியும் மாறவில்லை.

அங்கே மாறாது, மாற்றவும் தேவையில்லை. அப்பாச்சியை என்எப்எஸ் பார்க்க விடும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது: 'செற்எஸ்ஈபூல் -பி எச்ரிரிபிடி_யூஸ்_என்எப்எஸ் ஒன்', அவ்வளவுதான். பி பெரிய எழுத்தாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டோடு போய்விடும்.

திருநெல்வேலியிலிருந்து: பொட்மன் கொன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) போல்டர் தெரிகிறது, வாசிக்க முடியவில்லை.

வொலியூம், அதாவது உள்ளே கொடுக்கும் போல்டரை, எழுதும் இடத்தில் முக்காற்புள்ளி போட்டு ஒரு இசட் சேருங்கள். அந்தக் கொன்டெய்னருக்கு மட்டும் என்றால் பெரிய இசட், பல கொன்டெய்னர்கள் பங்கிடுவதென்றால் சின்ன இசட். இது போல்டரின் லேபலையே மாற்றிவிடும் என்பதை மறக்கவேண்டாம். சேர்வருக்குள் தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு இருக்கும் போல்டரை உள்ளே கொடுத்து பெரிய இசட் போட்டால், அந்தக் கோப்பின் லேபலும் மாறி, அடுத்தமுறை சாவியை வைத்து உள்ளே வரமுடியாமல் வெளியே நிற்பீர்கள். அதற்கென்று தனி போல்டர் ஒன்றை உருவாக்கி அதை மட்டும் கொடுங்கள்.