வாக்கியக் கணக்குக்குப் படம் போட்டால் உதவுமா?

ஆறாம் வகுப்பு மகள் வாக்கியக் கணக்கு என்றாலே திணறுகிறாள், படம் போடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்லுங்கள்.

நம் வேலூர்க் கணக்காகவே பார்ப்போம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் ஐந்தில் இரண்டு பங்கை வியாபாரி விற்றுவிட்டார்; மீதி 36 கிலோ. முதலில் இருந்தது எவ்வளவு? பல பிள்ளைகள் உடனே 36-ஐ 2/5-ஆல் பெருக்கிவிடுவார்கள். ஒரு நீளப் பட்டை வரைந்து ஐந்து சம கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டை அடித்துவிட்டால் மிச்சம் மூன்று கட்டம், அதுதான் 36. சரி, அப்படியென்றால் ஒரு கட்டம் 12, மொத்தம் 60 கிலோ. 36 எதன் பங்கு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்தே இந்தப் பட்டை முறை இருக்கிறது.

கத்தரிக்காயையும் கூடையையும் அழகாக வரைய உட்கார்ந்தால் மட்டும் பலன் இல்லை. அளவுகளுக்கு இடையிலான உறவு படத்தில் வர வேண்டும். அப்புறம், நீங்களே போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கோணலாக இருந்தாலும் அவளே போடட்டும்.