கங்கையின் அடிமணலில் பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கங்கையில் நுண்நெகிழி பற்றி வந்த கேள்விகளில், ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான எந்தப் பிளாஸ்டிக் துணுக்கும் நுண்நெகிழிதான். பை, பாட்டில் நொறுங்கி வந்ததும் அதில் சேரும், துணியிலிருந்து உதிர்ந்த இழையும் சேரும், டயர் தேய்ந்த தூளும் சேரும்.

கங்கை தினமும் 300 கோடி பிளாஸ்டிக் துகள்களைக் கடலில் கொட்டுகிறது என்று படித்தேன். இதை யார் எண்ணினார்கள்?

எண்ணியது 140 துகள்கள். மற்றதெல்லாம் பெருக்கல் கணக்கு.

2019-ல் நேஷனல் ஜியோகிராபிக் ஆதரவுடன் ஒரு ஆய்வுக்குழு, இமயமலையில் உள்ள ஹர்சில் தொடங்கி வங்கதேசத்தின் போலா வரை 10 இடங்களில் தண்ணீர் எடுத்தது. பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. ஒவ்வொரு மாதிரியும் 30 லிட்டர், மொத்தம் 120 மாதிரிகள். அந்த 3,600 லிட்டரைச் சல்லடையில் வடித்ததில் கிடைத்தவைதான் அந்த 140. அதை ஆற்றின் நீரோட்ட அளவோடு பெருக்கி, கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சேர்ந்து வங்கக் கடலுக்குள் தினமும் 100 கோடி முதல் 300 கோடி துகள்கள் வரை கொண்டுசேர்க்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள். "கொண்டுசேர்க்கலாம்" என்பது செய்தித் தலைப்புகளுக்கு வரும்போது "கொட்டுகிறது" ஆகிவிட்டது.

ஆய்வில் குறை சொல்ல வரவில்லை, நல்ல ஆய்வு. ஆனால் சல்லடைக் கண்ணைவிடச் சிறிய துகள்கள் அதில் அகப்படாது, ஆற்றின் அடியில் கிடப்பது கணக்கிலேயே வராது. அதனால் 300 கோடி என்ற எண்ணைவிட அந்த 140 துகள்களும் என்ன பொருள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 91 சதவீதம் இழைகள். பாதிக்கு மேல் ரேயான், அடுத்தபடியாகக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அக்ரிலிக். இரண்டும் துணி. ஆற்றங்கரையில் நாம் பார்த்து முகம் சுளிக்கிற பையும் பாட்டிலும் ஒரு பிரச்சினை, தண்ணீருக்குள் இருப்பது பெரும்பாலும் வேறொன்று. ரேயான் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது, அதைப் பிளாஸ்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சேர்த்தாலும் விட்டாலும், துணி துவைத்த தண்ணீர் ஆற்றுக்கு வருகிறது என்பதற்கு அது சாட்சி.

பருவமழை வெள்ளம் வந்தால் ஆறு தானே கழுவிக்கொள்ளாதா?

பாதி உண்மை. இங்கிலாந்தின் வடமேற்கில் 10 ஆறுகளில் 40 இடங்களில் அடிப்படிவத்தை, அதாவது அடியில் படிந்த மணலையும் சேற்றையும், எடுத்துப் பார்த்தார்கள். 2015-16 குளிர்காலத்தில் அங்கே பெரும் வெள்ளம் வந்தது. வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, அடியில் சேர்ந்திருந்த நுண்நெகிழியில் ஏறத்தாழ 70 சதவீதம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வெள்ளத்துக்கு முன் மான்செஸ்டர் அருகே டேம் ஆற்றில் ஒரே இடத்தில் சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் மேல் துகள்கள் இருந்தன.

சரி, 70 சதவீதம் போய்விட்டது, நல்லதுதானே என்று தோன்றும். எங்கே போனது? கழிமுகத்துக்கும் கடலுக்கும். கங்கை விஷயத்தில் அது சுந்தரவனம், வங்கக் கடல். மீன் குஞ்சுகள் வளரும் சதுப்புகள் அவை. வெள்ளம் கரை மீறினால் வயல்களிலும் படியும். போன இடம் காலியாக இருப்பதும் இல்லை, மழை வடிகால் வழியாகத் தெருவில் கிடந்ததையெல்லாம் அதே வெள்ளம் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. நடுவில் 1975 முதல் இயங்கும் ஃபராக்கா தடுப்பணை போன்றவை இருக்கின்றன. நீரோட்டம் எங்கே தளர்கிறதோ அங்கே வண்டல் படியும், வண்டலோடு இதுவும் படியும்.

பிளாஸ்டிக் மிதக்கும் பொருள். அது எப்படி ஆற்றின் அடிக்குப் போகும்?

எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதக்காது. பை செய்யும் பாலிஎதிலின் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பிவிசி, நைலான், பாலியஸ்டர் எல்லாம் தண்ணீரைவிடக் கனமானவை. மிதக்கிறவையும் மிதந்துகொண்டே இருப்பதில்லை. சில நாட்களில் பாக்டீரியாவும் பாசியும் அதன்மேல் வழவழப்பாகப் படர்ந்துவிடும், களிமண் துகள் ஒட்டும், கனம் கூடும், இறங்கிவிடும். கங்கை போல வண்டல் சுமக்கும் ஆற்றில் இது வேகமாக நடக்கும். அப்புறம் மணல் இடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும், அந்த ஓட்டத்தோடு துகளும் மணலுக்குள் நுழைந்துவிடும். மேல்நீரை மட்டும் மொண்டு பார்த்துவிட்டு ஆறு பரவாயில்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

நுண்நெகிழியால் சூழலியல் ஆபத்து என்கிறார்கள். மீன்கள் செத்து மிதக்கிற மாதிரி எதுவும் தெரியவில்லையே?

அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. சாயக்கழிவு மாதிரி ஒரே நாளில் கொல்கிற பொருள் இல்லை இது. பாதிப்பு கீழிருந்து, நாம் பார்க்காத உயிர்களிடமிருந்து தொடங்குகிறது.

ஆற்றின் அடிமணலில் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழ்கின்றன. வண்டலையும் பாசியையும் மேய்ந்து வளர்பவை. அவற்றால் மக்கிய இலைத்துணுக்கையும் பாசி படர்ந்த பிளாஸ்டிக்கையும் பிரித்தறிய முடியாது, பார்க்கப்போனால் மேலே படர்ந்த பாசிதான் அவற்றுக்கு வேண்டிய உணவே. வயிறு நிறையும், சத்து சேராது. வளர்ச்சி தாமதமாகும், முட்டை குறையும். தெற்கு வேல்ஸ் ஆறுகளில் பிடித்த பூச்சிகளில் ஏறத்தாழ பாதியில் நுண்நெகிழி இருந்தது. அந்தப் பூச்சிகளைத் தின்னும் டிப்பர் என்ற சிறு பறவை அதே ஆறுகளில் நாளொன்றுக்குச் சுமார் 200 துகள்களை விழுங்குவதாகக் கணக்கிட்டார்கள். குஞ்சுக்கு ஊட்டும் இரையிலும் அது இருந்தது.

இன்னொன்று என் மனதை விட்டு அகலாதது. கேடிஸ் என்ற பூச்சியின் புழு, தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணல் பருக்கைகளை ஒட்டித் தனக்கென்று ஒரு குழாய்க் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். விரல் நகத்தைவிடச் சற்றுத்தான் பெரிது. ஜெர்மனியில் ஓடைகளிலிருந்து எடுத்த இந்தக் கூடுகளுக்குள் மணலோடு மணலாகப் பிளாஸ்டிக் துணுக்கும் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். ஆய்வகத்தில் சோதித்தபோது, பிளாஸ்டிக் கலந்த கூடு மணல் கூட்டைவிட எளிதாக நசுங்கியது. மீனிடமிருந்து தப்பிக்க அந்தப் புழுவுக்கு இருக்கும் ஒரே கவசம் அது.

உணவுச் சங்கிலியில் அதற்கு மேலே மீன் குஞ்சுகள். ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றில் 2010 முதல் 2012 வரை வலை போட்டுப் பார்த்தபோது, சராசரியாக மீன் குஞ்சுகளைவிடப் பிளாஸ்டிக் துணுக்குகள்தான் அதிகம் சிக்கின. இரை தேடும் மீனுக்கு எதிரே எது அதிகமாக வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ரசாயனம் தனிக் கதை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழை பெய்தாலே கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்துக்கொண்டிருந்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நச்சுதான் கொன்றது என்று 2020 இறுதியில் கண்டுபிடித்தார்கள். அதே இனத்துச் சொந்தக்கார மீனான சம் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மீனில் சோதித்துவிட்டு ஆற்றுக்கே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் மீனுக்குப் பாதிப்பு என்று வரும் செய்திகளை அப்படியே நம்பலாமா?

எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வடிவத்தில் கொடுத்தார்கள் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு நம்புங்கள். பல சோதனைகளில் கடையில் வாங்கிய, ஒரே அளவிலான, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் உருண்டைகளை ஆற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு கலக்கிறார்கள். ஆற்றில் இருப்பதோ ஒழுங்கற்ற இழை, சில்லு, சாயம், பாக்டீரியா எல்லாம் கலந்தது. ஆபத்தைக் கணிப்பவர்கள் ஆற்றில் உள்ள அளவை, பாதிப்பு தொடங்கும் அளவால் வகுக்கிறார்கள். ஒன்றைத் தாண்டினால் கவலை. வகுக்கப்படும் எண் பெரிய துகளின் எண்ணிக்கை, வகுக்கும் எண் பொடித் துகளின் எண்ணிக்கை என்றால் விடைக்கு அர்த்தமே இல்லை. "குறைந்த ஆபத்து" என்று முடிக்கும் கட்டுரைகளிலும் இதே கோளாறு இருக்கிறது.

கிருஷ்ணராஜ சாகர் அணைப் பகுதியிலிருந்து காவிரி நீரை எடுத்து, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தினர் வரிக்குதிரை மீனின் கருக்களை அதில் வளர்த்துப் பார்த்தார்கள். எலும்பு வளைவு, டிஎன்ஏ சேதம், இதயப் பாதிப்பு எல்லாம் தெரிந்தன. 2021-ல் வெளிவந்தது. உண்மையான ஆற்று நீரைப் பயன்படுத்தியது அதன் பலம். அந்த நீரில் வேறு மாசுகளும் இருக்கும் என்பதால் பழியை முழுக்க நுண்நெகிழிமேல் போட நான் தயங்குவேன்.

கங்கை டால்பின்களுக்கு இதனால் ஆபத்தா?

அவற்றை முதலில் கொல்வது வலை. 2025 மார்ச்சில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள் இருக்கின்றன, மூன்றைத் தவிர எல்லாம் கங்கை டால்பின்கள். கண் பார்வை ஏறத்தாழ இல்லாத உயிர், ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்டு வழி தேடும். மெல்லிய நைலான் வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. கங்கையில் தண்ணீர் எடுத்த அதே 2019 பயணத்தின் இன்னொரு ஆய்வு, ஆறு நெடுகக் கிடந்த மீன்பிடிக் கழிவை அளந்தது. அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் வலை. டால்பினும் மூவரிக் கூரை ஆமையும் அதிக ஆபத்தில் இருப்பதாக அது சொன்னது. கிழிந்த வலையை வேறெங்கே போடுவது என்று மீனவருக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. பழைய வலையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினால் டால்பினும் தப்பும், நாளை நுண்நெகிழி ஆகப்போகும் நைலானும் ஆற்றுக்கு வராது.

ஆற்று மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். துகள்களில் பெரும்பாலானவை குடலிலும் செவுளிலும் இருக்கின்றன, சுத்தம் செய்யும்போது போய்விடும். முழுதாகச் சாப்பிடும் பொடி மீன்களில் அந்த வசதி இல்லை. சாக்கடை விழும் இடத்துக்கு அருகே பிடித்த மீனைத் தவிருங்கள், அதற்கு நுண்நெகிழி மட்டும் காரணமில்லை.

சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் இது வடிகட்டப்படாதா?

பெரும்பகுதி வடிகட்டப்படும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆறரை லட்சம் பேருக்கான ஒரு நிலையத்தில் 98 சதவீதத்துக்கும் மேல் பிடிபட்டது. தப்பிய மிச்சமே நாளுக்கு 6.5 கோடி துகள்கள் என்று கணக்கிட்டார்கள். பிடிபட்டதும் மறைந்துவிடாது, கசடில் தங்கும். அந்தக் கசடை உரமாக வயலில் போட்டால் அடுத்த மழையில் மறுபடி ஆற்றுப்பக்கம் வரத் தொடங்கும்.

ஆனால் நம் நிலைமை வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கின்படி, இந்திய நகரங்களில் தினமும் உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,236 கோடி லிட்டர். அமைக்கப்பட்ட சுத்திகரிப்புத் திறன் சுமார் 3,184 கோடி லிட்டர், உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,023 கோடி லிட்டர். மீதியில் 98 சதவீதம் அல்ல, ஒரு சதவீதம்கூடப் பிடிபடாது. புதுப்புது வடிகட்டி பற்றிப் பேசுவதற்கு முன், சாக்கடையைக் குழாயில் ஏற்றி ஏற்கெனவே கட்டிய நிலையங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கங்கைக்கு இன்று செய்யக்கூடிய பெரிய உதவி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆற்றிலிருந்து இயந்திரம் வைத்து அள்ளிவிட முடியாதா?

பையையும் பாட்டிலையும் அள்ளலாம், அள்ள வேண்டும், நொறுங்கும் முன்பே. நுண்நெகிழியை அள்ள வேண்டுமென்றால் மணலையே அள்ள வேண்டும். அதில் வாழும் புழு, நத்தை, மீன் முட்டை எல்லாம் சேர்ந்து போய்விடும்.

வாஷிங் மெஷினில் துவைப்பதை நிறுத்திவிடவா?

வேண்டாம். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் உதிரலாம் என்று 2016-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். குறைக்க வழி உண்டு. மெஷினை நிரப்பித் துவையுங்கள், குளிர்ந்த நீரில், குறைந்த நேரம். மென்துணிக்கு என்று இருக்கும் சுழற்சி இழையைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் தண்ணீர் அதிகம் என்பதால் இழை இன்னும் அதிகமாக உதிர்கிறது.

நான் கல்லூரி மாணவி. எங்கள் துறையில் ஒரு ஆற்றில் மாதிரி எடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் உடையை. பருத்தி உடுத்துங்கள், அதுவும் அடர்ந்த ஒரே நிறத்தில் இருந்தால், மாதிரியில் அந்த நிற இழை வந்தால் அது உங்களுடையதா என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கண்ணாடி அல்லது எவர்சில்வர். ஒவ்வொரு கட்டத்திலும் வடித்த சுத்த நீரை ஒரு வெற்று மாதிரியாக வைத்து, ஆற்று நீருக்குச் செய்யும் அத்தனையையும் அதற்கும் செய்யுங்கள். அதில் எத்தனை இழை வருகிறதோ அத்தனையை ஆற்றுக் கணக்கிலிருந்து கழியுங்கள். இதைச் செய்யாத ஆய்வுகள் ஆய்வகக் காற்றில் பறக்கும் இழையை ஆற்றின் தலையில் கட்டிவிடுகின்றன.

மேல்நீரோடு அடிப்படிவத்தையும் கட்டாயம் எடுங்கள். கரிமப் பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடில் கரைத்து, அடர்த்தியான உப்புக் கரைசலில் மிதக்கவைத்துப் பிரிக்கலாம். சாதாரண உப்பு பிவிசியையும் பெட்டையும் மிதக்கவைக்காது, ஜிங்க் குளோரைடு போல அடர்த்தி கூடியது வேண்டும், கையுறையோடு. நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் பிளாஸ்டிக் என்று எழுதிவிடாதீர்கள். துகள் என்ன பொருள் என்று ஒளியைக் கொண்டு கண்டறியும் எஃப்டிஐஆர் கருவியோ ராமன் கருவியோ உள்ள ஆய்வகத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு, அதற்கு அப்புறம் ஆற்றில் இறங்குங்கள்.