வளையல் அடகில், பல் காகிதத்தில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 69. வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறேன், மகள் டொராண்டோவில். மேலும் கீழும் கட்டுப்பல், 2014இல் கட்டியது. மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதே எழும்புகிறது. பசைக்கு மட்டும் மாதம் 2,200 ரூபாய் போகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வடையைக் கடிக்க முடியாமல் கீழ் செட்டைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இலை எடுத்த பையன் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். எச்சில் வாளியைக் கவிழ்த்துத் தேடித்தான் கொண்டுவந்து தந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஒரு தனியார் கிளினிக்கில் மினி இம்பிளாண்ட் (செட்டைப் பிடித்து நிறுத்தத் தாடை எலும்பில் போடும் சின்னத் திருகு) போடலாம் என்கிறார்கள். கீழே நாலுக்கு 4 இலட்சம். மேலே ஆறும் சேர்த்தால் 10 இலட்சம். கடனட்டையில் 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம். தம்பியின் மகனோ, அடகில் இருக்கும் நகைமேல் கூடுதலாக எடுக்கலாம் என்கிறான். 2021இல் அவனுடைய கடைக்காக என் 8 பவுணை (கொடி 4, வளையல் 4) 4 இலட்சத்துக்கு வைத்தேன். 2023இல் அதே நகைமேல் மேலும் எடுத்து 6.5 இலட்சம் ஆக்கினோம். வட்டியை நான்தான் கட்டுகிறேன், இதுவரை ஏறத்தாழ 430,000 ரூபாய். இப்போது வட்டி 13 வீதம். ஓய்வூதியம் 58,000. வங்கியில் நிலையான வைப்பு 12 இலட்சம், 8 வீத வட்டி. கடனட்டையா, அடகா, எது நல்லது?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் பல்லைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அடகைப் பற்றி நாலு வரி இருக்கிறது. எனக்கு அந்த நாலு வரியில்தான் கண் நின்றது. நாலு மினி இம்பிளாண்டுக்கு 4 இலட்சம். நீங்கள் இதுவரை கட்டிய வட்டி 430,000. அதாவது அந்தப் பல்லுக்கான காசை ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டீர்கள், கொடுத்த இடம்தான் வேறு. முதல் தொகையில் ஒரு சதம்கூடக் குறையவில்லை.

வங்கியில் 12 இலட்சத்தை 8 வீதத்துக்குப் போட்டுவைத்து, 6.5 இலட்சத்துக்கு 13 வீதம் கட்டுகிறீர்கள். கணக்குப் பாடம் எடுத்தவரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. 6.5 இலட்சத்துக்கு வருட வட்டி 84,500. அதே தொகை வைப்பில் உழைப்பது 52,000. வித்தியாசம் 32,500, வருடாவருடம் சும்மா போகிறது. இதைத் தெரியாமல் யாரும் செய்வதில்லை. வைப்பு நம்முடைய காசு, நகை எப்படியும் ஒருநாள் வரும் என்று மனம் இரண்டையும் இரண்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறது.

ஆனால் உங்களை உண்மையில் கடிப்பது அந்த 32,500 அல்ல. 2023இல் செய்தீர்களே, அதுதான். தங்கம் விலை ஏறியது, அதே நகைக்குக் கூடக் காசு தருகிறோம் என்றார்கள், எடுத்தீர்கள். 2021க்குப் பிறகு பவுண் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. அடகில் கிடக்கும் நகை விலை ஏறினால் அந்த ஏற்றம் உங்கள் கைக்கு வருவதில்லை, கடனை இன்னும் பெரிதாக்க இடம்தான் வருகிறது. இப்போது பல்லுக்கு 4 இலட்சம் எடுக்கப் போகிறீர்கள். தம்பியின் மகன், “மாமி, எடுக்கிறது எடுக்கிறீர்கள், எனக்கும் ஒரு இரண்டு” என்று கேட்டானா இல்லையா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் கேட்டிருப்பான். 6.5, 4, 2, மொத்தம் 12.5 இலட்சம். 13 வீதத்தில் வருடம் 162,500, மாதம் 13,500. ஓய்வூதியத்தில் ஏறத்தாழக் கால் பங்கு வட்டிக்கே போய்விடும்.

கடனட்டைத் தவணை இன்னும் மோசம். 4 இலட்சத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 33,000க்கு மேல். 58,000இல் அதை எடுத்துவிட்டு மருந்தும் மின்கட்டணமும் எப்படிக் கட்டுவீர்கள்? ஒரு மாதம் தவறினால் ‘வட்டியில்லா’ என்ற சொல் அன்றோடு சரி.

நகைக்கு வருவோம். செட்டியார் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, பழைய வளையலுக்குக் கழிவு போக என்ன தருவார்கள் என்று கேளுங்கள். பவுணுக்கு 270,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கொடியைத் தொட வேண்டாம். நாலு பவுண் வளையலை மட்டும் விற்றால் 10.8 இலட்சம். முதலில் நகையை மீட்க 6.5 இலட்சம் வேண்டுமே என்றால், வைப்பை உடைக்கத் தேவையில்லை. இடையில் உடைத்தால் வட்டியைக் குறைத்துவிடுவார்கள். அதன்மேல் ஒரு கிழமைக்குக் கடன் கேளுங்கள், வைப்பு வைத்திருக்கிறவருக்கு வங்கிகள் வழமையாகக் கொடுக்கிற கடன்தான். மீட்டு, வளையலை விற்று, கடனை அடைத்தால் கையில் 4 இலட்சத்துச் சொச்சம். 12 இலட்சம் அப்படியே, கொடி வீட்டில், மாதம் 7,000 வட்டி நின்றுவிட்டது.

வளையல் பேத்தியின் கல்யாணத்துக்கு என்று நினைத்திருப்பீர்கள். ஐந்து வருடமாக அது பேத்திக்காக அங்கே இருக்கவில்லை டீச்சர்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்காமல் விடுவார்கள். நீங்கள் அதற்குள் தாராளமாக வருவீர்கள். கொடுத்தீர்களா?

சரி, இப்போது பல்.

மேலே ஆறு என்பதை உடனே அடித்துவிடுங்கள். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சிலின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கும் அது நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரை லாடம் போல ஒரு ஒடுங்கிய முரசு (ஈறு), உள்ளே நாக்கு தள்ளுகிறது, வெளியே கன்னம் தள்ளுகிறது. பல் பிடுங்கிய பிறகு எலும்பு வருடாவருடம் கரைகிறது, மேலே விடக் கீழே வேகமாக. 2014இல் அளவெடுத்த செட் இன்றைக்கு வேறொருவருடைய வாயில் இருப்பது மாதிரித்தான்.

அதனால் முதலில் மலிவான வழி. கொழும்பு 7 வோட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது. காலையில் வேளைக்குப் போய் வரிசையில் நின்று, கீழ் செட்டின் அடிப்பக்கத்தை இப்போதைய முரசுக்குப் பொருந்தும்படி நிரப்பித் தரலாமா, அல்லது புதுச் செட்டே கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். அதிலேயே வடை கடிக்க முடிந்தால் 4 இலட்சம் மிச்சம்.

முடியாவிட்டால் மினி இம்பிளாண்ட் கெட்ட யோசனை இல்லை. 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த பருமனில் தைற்றேனியக் கலப்புலோகத் திருகு. கீழ்த் தாடையின் முன்பக்கத்தில் வழமையாக நாலு. தலைப்பில் சின்னக் குண்டு, செட்டின் உள்ளே ரப்பர் வளையம், சட்டைப் பொத்தான் மாதிரி அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். கழற்றிக் கழுவலாம். எலும்பு ஒடுங்கினவர்களுக்கு உதவும், பெரும்பாலும் முரசைப் பெரிதாக வெட்டாமலே போடுவார்கள். ‘ஒரே நாளில் புதுப் பல்’ என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். திருகு எலும்பில் இறுகப் பிடித்தால்தான் அன்றே செட்டைப் பொருத்தலாம், இல்லாவிட்டால் ஆற விட வேண்டும். 2002இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தெரிவு என்று சொன்னது இரண்டு வழமையான இம்பிளாண்டில் நிற்கும் செட்டை. எனவே அதே கிளினிக்கில், வழமையானது இரண்டு போட்டால் எவ்வளவு, என் எலும்பு அதற்குப் போதுமா என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள்.

அந்த 4 இலட்சத்துக்குள் புதுச் செட்டும் உண்டா, தேய்ந்த ரப்பர் வளையம் மாற்ற ஒவ்வொரு முறையும் எவ்வளவு, ஒரு திருகு பிடிக்காமல் கழன்றால் யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்கிறவர்கள் அடுத்த வருடம் வேறு கிளினிக்கில் இருப்பார்கள். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு போங்கள். எலும்பு பலப்பட என்று மாத்திரையோ ஊசியோ எடுத்தால் பல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில வகைகள் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யக்கூடும்.

தம்பியின் மகனிடம் கொடுத்த காசைத் திரும்பக் கேளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கேட்பீர்கள், அடுத்த மாதம் மாமி என்பான், உங்களுக்கு மனசு கஷ்டம். வட்டியை மட்டும் இந்த மாதத்திலிருந்து அவன் கட்டட்டும் என்று சொல்லிப் பாருங்கள், கடை எப்படி ஓடுகிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். கட்டினாலும் கட்டாவிட்டாலும் நகையை மீட்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

அடகுச் சீட்டில் தவணை முடியும் திகதியைப் பாருங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே அடையாள அட்டையோடு நீங்களே போங்கள். வழமையாக வண்டியில் ஏற்றிப் போகிறவன் அவன்தான் என்றால், அன்றைக்கு மட்டும் முச்சக்கரவண்டி பிடியுங்கள்.