புதுக் கணினியில் மவுஸ் பாயிண்டர் திக்கித் திக்கி நகர்கிறது, என்ன செய்வது?

பழைய கணினியில் ஒழுங்காக ஓடிய அதே வயர்லெஸ் மவுஸ், புதியதில் மட்டும் நின்று நின்று குதிக்கிறது, கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் மவுஸின் ரிசீவரை, அதாவது மவுஸோடு வரும் அந்தக் குட்டி யுஎஸ்பி துண்டை, எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உள்ளே நீல நிறம் தெரியும் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் அது இருந்தாலோ, பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் தொங்கினாலோ, என் சந்தேகம் அங்கேதான் போகும்.

இவ்வகை மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 வழியாகத் தரவு ஓடும்போது அதே அலைவரிசையில் மின்காந்த இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. பழைய கணினியில் யுஎஸ்பி 2.0 மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொல்லை அங்கே தலைகாட்டியிருக்காது.

சோதிப்பது சுலபம். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்யவிட்டு, மவுஸை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். காப்பி ஓடும்போது பாயிண்டர் வெட்டி வெட்டி நகர்ந்து, நிறுத்தியதும் வழுக்கிக்கொண்டு போனால் விஷயம் உறுதி. ரிசீவரை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அந்தப் போர்ட்டே இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். கேபினெட்டின் பின்பக்கம் செருகி, நடுவில் இரும்புப் பெட்டி மறைத்தாலும் இதே வைத்தியம்தான்.

சற்று நேரம் தொடாமல் விட்டு மறுபடி அசைக்கும்போது மட்டும் பாயிண்டர் தூங்கி எழுவதுபோல் தாமதித்தால், அது மின்சேமிப்பு வேலை. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

குதிக்கவில்லை, ஆனால் நினைத்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறதா? அப்படியானால் மவுஸ் அமைப்புகளில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் அது பொதுவாக ஆன் ஆகவே வரும். கையை வேகமாக இழுத்தால் பாயிண்டர் கூடுதல் தூரம் ஓடும், மெதுவாக இழுத்தால் குறைவாக நகரும். சிலருக்கு இது பழகிப்போகும். எனக்கு அணைத்து வைப்பதுதான் சரி. அணைத்ததும் பாயிண்டர் மந்தமாகத் தோன்றும், அப்புறம் வேகத்தை ஓரிரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் டைப் செய்யும்போது கர்சர் வேறு வரிக்குத் தாவினால் உள்ளங்கை டச்பேடில் படுகிறது. மவுஸ் இணைத்திருக்கும்போது டச்பேட் அணையும்படி வைத்துவிடுங்கள். கண்ணாடி மேசை என்றால் கீழே ஒரு மவுஸ் பேட் போடுங்கள். பேட்டரியையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

எதற்கெடுத்தாலும் டிரைவரை, அதாவது மவுஸை இயக்கும் மென்பொருளை, நீக்கிப் போடச் சொல்வார்கள். சாதாரண மவுஸுக்கு விண்டோஸிலேயே இருக்கும் டிரைவர் போதும், அதனால் நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

இன்னொன்று, புதுக் கணினி ஆரம்பத்தில் பின்னணியில் அப்டேட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். அது முடியும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதன்பிறகு ஒரு வயர் மவுஸைச் செருகிப் பாருங்கள். அதுவும் திக்கினால், அத்தியாவசிய மென்பொருளோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடிலும் அப்படியே இருந்தால், கணினியில்தான் கோளாறு. அப்போது வாரன்ட்டி இருக்கும்போதே விற்றவரிடம் கொண்டுபோங்கள்.